தள்ளிப்போட்ட ஒரு வேலையை 12 வாரத்தில் முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கொப்பியோடு வந்து இருப்பார்கள். எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டோ வீட்டைப் பார்த்துக்கொண்டோ ஏதாவது ஒன்றைப் படிக்க, பழக, தொடங்க நினைப்பவர்கள். நானும் ஒரு கணக்கியல் பரீட்சையை ஏழு வருடம் தள்ளிப்போட்டு மறுகா எழுதி முடித்த ஆள்தான். அதனால் எந்த இடத்தில் கால் இடறும் என்பது ஓரளவு தெரியும்.

பெரும்பாலும் வரிசை மாறிப்போவதால்தான் இடறுகிறார்கள். மனசு தயாராகட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கே இருந்து செய்வது, எத்தனை மணிக்குச் செய்வது என்பதைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். இந்த வழிகாட்டியில் அந்த வரிசை தலைகீழாக இருக்கும். மனசைப் பற்றிய படி எட்டாவதாகத்தான் வருகிறது. அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

80 பக்கக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று, மலிவான மேசை மணிக்கூடு ஒன்று. மணிக்கூடு ஏன் என்றால், நேரம் பார்க்கப் போனை எடுத்து, நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. இருப்பதற்கு ஒரு இடமும் வேண்டும். தனி அறை தேவையில்லை. குசினி மேசையின் ஒரு ஓரம் போதும்.

விலை கூடிய டயரி, செயலி, நிறம் நிறமான பேனைகள் எதுவும் இப்போது வேண்டாம். வாங்கியதும் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வரும். முதல் வாரம் அந்தத் திருப்தியிலேயே போய்விடும்.

1. முதல் ஏழு நாள் எதையும் தொடங்காதீர்கள்

இந்த ஏழு நாளும் உங்கள் நேரம் எங்கே போகிறது என்று கொப்பியில் எழுதினால் போதும். எதையும் திருத்த வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, ஹாட்வெயார் கடையில் வேலை, எழுதிக்கொண்டு வந்த ஒரு நாள் இது:

"5.40 எழும்பினேன். 6.25 வரை போன். 7.15 பஸ். 8.00 – 6.30 கடை. 7.20 வீடு. குளிப்பு, சாப்பாடு. 8.00 – 10.50 போன், இடையில் ரீவி. 10.50 படுத்தேன். 11.40 வரை போன்."

கூட்டிப் பார்த்தால் 4 மணித்தியாலம் 25 நிமிடம். "எனக்கு நேரமே இல்லை அண்ணே" என்று சொல்லிக்கொண்டுதான் அவர் முதல் நாள் வந்தார்.

இங்கே ஒரு பிழை நடக்கும். அந்த நாலரை மணித்தியாலத்தையும் அப்படியே எடுத்துப் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். பத்து மணித்தியாலம் கடையில் நின்ற ஒருவரின் இரவு எட்டு மணியும் விடியப்புற ஆறு மணியும் ஒரே பெறுமதி இல்லை. நேரம் எங்கே கிடக்கிறது என்று தேடாமல், நீங்கள் விழிப்பாக இருக்கிற அரை மணித்தியாலம் எது என்று தேடுங்கள். அந்தத் தம்பிக்கு அது காலை 5.40. இரவு முழுவதையும் விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்தோம்.

2. ஒன்றைத் தேர்ந்து, மற்றதையெல்லாம் இரண்டாம் பக்கத்தில் எழுதி மூடுங்கள்

வருகிற எல்லாரும் நாலு விசயத்தோடுதான் வருவார்கள்: ஆங்கிலம், கொம்பியூட்டர் கோர்ஸ், உடம்பைக் குறைப்பது, அப்புறம் ஒரு சின்ன வியாபாரம். நாலையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குவார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் நாலும் நின்றுவிடும்.

எதைத் தேர்வது என்பதற்கு நான் கேட்பது இரண்டே கேள்வி. முதலாவது, முடிவு உங்கள் கையில் இருக்கிறதா? "அரச வேலை எடுக்க வேணும்" என்பதில் முடிவு வேறு யாருடைய கையிலோ. "கடந்த ஐந்து வருட வினாத்தாள்களைச் செய்து முடிப்பது" உங்கள் கையில். இரண்டாவது, 12 வாரம் கழித்து இன்னொருவர் பார்த்து "ஓம், முடிந்திருக்கு" என்று சொல்ல முடியுமா?

பொத்துவிலில் இருந்து வந்த ஒருவர் அறுகம்பேயில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்தார். "இங்கிலீஸ் படிக்க வேணும்" என்றார். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இரண்டு வாரம் பேசிப் பேசிக் குறைத்து, கடைசியில் இப்படி எழுதினார்: "அறை எடுக்க வருகிறவரோடு, அறை, விலை, சாப்பாடு, பஸ் நேரம் இந்த நாலையும் பற்றி மற்ற ஆளைக் கூப்பிடாமல் ஐந்து நிமிடம் பேசுவேன்." அதற்கு எத்தனை சொற்கள் வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், இருநூறுக்குள்தான் வந்தது. அப்போதுதான் அவர் முகத்தில் பயம் விட்டது.

மற்ற மூன்றையும் அழிக்க வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் எழுதி, மேலே ஒரு திகதி போட்டு மூடிவிடுங்கள். எழுதி வைத்தால் மனசு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்காது.

3. கலண்டரை எடுத்துத் தடங்கல்களைக் குறியுங்கள்

நம் பக்கத்தில் வெள்ளாமை செய்கிறவர்கள் தண்ணீர் திறக்கிற திகதி தெரியாமல் விதை நெல்லை ஊறப்போடுவதில்லை. கூட்டம் வைத்து, திகதி தீர்மானித்த பிறகுதான் வயல் வட்டைக்குள் இறங்குவார்கள். ஆனால் அதே ஆள் தன் படிப்பை மட்டும் எந்தக் கலண்டரையும் பாராமல் தொடங்கிவிடுவார்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை. தாழ்ந்த இடமென்றால் வெள்ளம், பாதை மூடல், கரண்ட் வெட்டு. மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டு. சித்திரையில் வருடப்பிறப்பு, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கத் திருவிழா. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முஸ்லிம் ஆட்களுக்கு நோன்பு மாதம் முழு நாளையுமே மாற்றிவிடும்.

இதில் எதுவும் வராத 12 வாரம் கிடைக்கவே கிடைக்காது. தடங்கல் இல்லாத மூன்று மாதத்துக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது, அந்த வாரங்களை இப்போதே வட்டமிட்டு, "இந்த வாரம் ஐந்து நிமிடம் மட்டும்" என்று பக்கத்தில் எழுதுவது. முன்கூட்டியே எழுதிய ஐந்து நிமிடம் ஒப்பந்தம் மாதிரி. அன்றைக்குத் திடீரென்று விட்டால் தோல்வி மாதிரித் தெரியும். மாரி நாட்களுக்கு ஒரு சார்ஜ் லைற்றும் எடுத்து வையுங்கள்.

4. "எதற்குப் பிறகு, எங்கே, முதல் அசைவு என்ன" என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"தினமும் இரவில் படிப்பேன்" என்பது திட்டமாகாது. கல்லடிப் பாலத்துக் காற்றில் நின்று போடுகிற திட்டங்கள் எல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும். வேலை செய்கிற வரி இப்படி இருக்க வேண்டும்:

"இரவுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும், விறாந்தை மேசையில் இருந்து, கொப்பியைத் திறந்து இன்றைய திகதியை எழுதுவேன்."

இதில் மூன்று துண்டு உண்டு. ஏற்கெனவே நாள் தவறாமல் நடக்கிற ஒரு செயல், ஒரு இடம், யோசிக்கவே தேவையில்லாத ஒரு சின்ன அசைவு. இப்படி எழுதி வைத்தால், தொடங்குவதா இல்லையா என்று ஒவ்வொரு இரவும் மனசோடு விவாதம் நடத்த வேண்டியதில்லை. கோப்பை கழுவியாயிற்று, அடுத்தது மேசை. உளவியலாளர்கள் பீற்றர் கோல்விற்சரும் பஸ்கால் ஷீரனும் 2006இல் இந்த வகைத் திட்டமிடல் பற்றிய 94 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். வெறுமனே "செய்வேன்" என்று இருந்தவர்களைவிட, இந்த மாதிரி எழுதியவர்கள் தங்கள் இலக்கைத் தெளிவாகவே கூடுதலாக எட்டியிருந்தார்கள்.

மணி எட்டரை என்று போடுவதைவிட ஒரு செயலோடு கட்டுவது நல்லது. பஸ் பிந்தினால் எட்டரை தப்பிவிடும், கோப்பை கழுவுவது தப்பாது. காத்தான்குடிச் சகோதரர் ஒருவர் இரவு இஷாத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதோடு கட்டினார். அதைவிட உறுதியான முளை எனக்குத் தெரியவில்லை.

இங்கே செய்யும் பிழை, மற்றவரின் கையில் இருக்கிற செயலோடு கட்டுவது. "பிள்ளை நித்திரையானதும்" என்று எழுதிய ஒரு தங்கச்சிக்கு முதல் வாரத்தில் நாலு நாள் போனது. பிள்ளை நித்திரை கொள்வது பிள்ளையின் தீர்மானம். விடிய அடுப்பில் தண்ணீர் வைத்ததும் என்று மாற்றினார். அது சரிவந்தது.

5. அளவை வெட்கப்படும்வரை குறையுங்கள்

அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான். நானும் இங்கேதான் விழுந்தேன்.

என் முதல் நேர அட்டவணை இன்னும் இருக்கிறது. விடிய 4.00 – 7.00, இரவு 8.00 – 10.00, மூன்று நிறத்தில் கோடு போட்டது. ஆறு நாள் நடந்தது. ஏழாம் நாள் காய்ச்சல். எட்டாம் நாள் "ஐந்து மணித்தியாலம் இன்றைக்கு ஏலாது" என்று பூச்சியம் நிமிடம் செய்தேன். பிறகு எட்டு மாதம் அந்தக் கொப்பியைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு வகுப்புக்கு முழுப் பணமும் கட்டினேன். ஆறாவது வகுப்போடு நின்றேன், ஆசிரியர் நல்லவர்.

இப்போது நான் சொல்வது: செய்யத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் நாளுக்கு 10 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து 20. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வேண்டுமானால் 40, அதற்கு மேல் இந்த 12 வாரத்துக்குள் வேண்டாம். 10 நிமிடம் முடிந்ததும், இன்னும் செய்யலாம் என்று கை துடித்தாலும் மூடிவிடுங்கள். அந்தத் துடிப்பு நாளைக்குத் தேவைப்படும்.

"பத்து நிமிடத்தில் என்ன வரும்?" என்று எல்லாரும் கேட்பார்கள், கொஞ்சம் கோபமாகவே. முதல் இரண்டு வாரத்தில் பாடம் பெரிதாக ஒன்றும் வராதுதான். வருவது மேசைக்குப் போகிற பழக்கம். பாடத்தை அதன்மேல் பிறகு ஏற்றலாம். பெரிய அளவோடு தொடங்கினால் நல்ல நாளில் மட்டும்தான் செய்ய முடியும். பத்து நிமிடத்தைத் தலையிடி நாளிலும் செய்யலாம்.

6. போனை வேறு அறையில் வையுங்கள்

கவிழ்த்து வைப்பது, சத்தத்தை நிறுத்துவது, பறப்பு நிலையில் போடுவது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் கை போகும். எழும்பி நடந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் இருந்தால், பாதி தரம் "சரி, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுவோம்.

பாடமே போனில்தான் இருக்கிறது என்றால், தேவையான பக்கங்களை ஞாயிறன்று போட்டோக்கொப்பிக் கடையில் அடித்து எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்த்துத்தான் பழக வேண்டும் என்றால், பார்ப்பது ஒரு நாள், செய்வது அடுத்த நாள் என்று பிரியுங்கள். தையல் பழகிய ஒருவர் மூன்று வாரம் வெட்டுகிற வீடியோ மட்டும் பார்த்தார். துணியில் கத்தரி வைக்கவில்லை. கேட்டால் "இன்னும் நல்ல வீடியோ ஒன்று கிடக்காம்" என்றார்.

நம் ஊரில் இன்னொரு நியாயமான தடை, வெளிநாட்டு அழைப்பு. கணவரோ தம்பியோ கட்டாரில், சவூதியில் இருப்பார். அங்கே இங்கேயைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தி. நமக்கு இரவு 9.00 என்றால் அங்கே 6.30, வேலை முடிந்து அறைக்கு வந்து போன் எடுக்கிற சரியான நேரம். அதோடு மோதாதீர்கள். முன்கூட்டியே சொல்லி அழைப்பை ஒன்பதரைக்கு வையுங்கள், அல்லது உங்கள் வேலையை விடியப்புறத்துக்கு மாற்றுங்கள். சொல்லாமல் போனை மறைத்து வைத்தால் அங்கே ஒருவர் பதறுவார். இரண்டாம் நாளே அது சண்டையில் முடியும்.

7. தவறும் நாளுக்கு இப்போதே விதி எழுதுங்கள்

தவறும். காய்ச்சல் வரும், ஊரில் ஒரு மரணவீடு வரும், போகாமல் இருக்க முடியாது. விதி இதுதான்: ஒரு நாள் தவறலாம். அடுத்த நாள் ஐந்து நிமிடமாவது மேசையில் இருக்க வேண்டும். விட்டதைச் சேர்த்துச் செய்யக்கூடாது. சேர்த்துச் செய்யப் போனால் கடன் கணக்கு தொடங்கிவிடும். மூன்று நாளில் கடன் மலையாகி, கொப்பியைப் பார்க்கவே பயமாகிவிடும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள், 22ஆம் நாள் இன்னும் பாரமாக இருக்கிறதே என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. என் கொப்பி 12 வாரம் என்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

8. இப்போது மனசு: "எனக்கு வராது" என்பதைச் சின்னதாக உடையுங்கள்

நாலாவது வாரம் அளவில்தான் இந்தப் படி. அதற்கு முன் மனசோடு பேசி ஒன்றும் ஆகாது, காட்ட ஆதாரம் இருக்காது. இப்போது கொப்பியில் இருபது திகதி கிடக்கிறது.

ஒவ்வொரு நாளும் மூடுமுன் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே நின்றேன், அடுத்தது என்ன. "எனக்குக் கணக்கு ஓடாது" என்று எழுதக்கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒரு தங்கச்சி உயர்தரத்தில் கணக்கீட்டை விட்டுவிட்டு, இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறவர். அவர் வரி முதலில் "இறுதிக் கணக்கு விளங்கேல்ல". எது விளங்கவில்லை என்று கேட்டு, ஒரு கணக்கை முன்னால் வைத்து விரலால் வரி வரியாகப் போனோம். பரீட்சை மீதி சரி. கொள்வனவு, விற்பனை சரி. பெறுமானத் தேய்வு, அதாவது பாவிக்கப் பாவிக்கச் சொத்தின் பெறுமதி குறைவது, வந்த இடத்தில் விரல் நின்றது. இந்த வருடத் தேய்வையும் இதுவரை சேர்ந்த தேய்வையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் எழுதிய வரி: "இரண்டு தேய்வும் வேறு. நாளைக்கு இரண்டு கணக்கில் அதை மட்டும் செய்வேன்."

"ஓடாது" என்பது உங்களைப் பற்றிய தீர்ப்பு, அதை வைத்து நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. "இந்த வரியில் நிற்கிறேன்" என்பதற்கு நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது. நம்பிக்கை வந்த பிறகு செய்தவர்களை நான் காணவில்லை. அக்கரைப்பற்றுத் தங்கச்சி சிரித்தது அந்த இரண்டு கணக்கும் சரிவந்த பிறகுதான்.

9. வாரம் ஒருமுறை ஒருவரிடம் கொப்பியைக் காட்டுங்கள்

பேஸ்புக்கில் போட வேண்டாம். தொடங்கும்போதே வாழ்த்து வாங்கினால், செய்வதற்கு என்ன மிச்சம்? வீட்டாரிடமும் வேண்டாம். அம்மா பார்த்தால் "பாவம், உடம்பைக் கெடுக்காத மனே" என்பார், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவார். உங்களைப் போலவே ஒரு வேலையோடு மல்லுக்கட்டுகிற ஒருவர் போதும். ஞாயிறு பத்து நிமிடம், இரண்டு கேள்வி: எத்தனை நாள் இருந்தாய், எங்கே நின்றாய். அறிவுரை சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணியைக் கொடுத்து வாயை அடையுங்கள்.

10. எட்டாவது வாரம் வெளியே எடுத்துப் பாருங்கள்

ஆறாம், ஏழாம் வாரத்தில் சலிப்பு வரும். புதிதும் இல்லை, முடிவும் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பலர் "வேறு ஒன்று தொடங்குவோமா" என்று இரண்டாம் பக்கத்தைத் திறப்பார்கள். திறக்க வேண்டாம். எட்டாவது வாரத்தில், அரைகுறையாக இருந்தாலும், செய்ததை உண்மையான ஆட்களிடம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வினாத்தாள் என்றால் மணிக்கூட்டை வைத்து முழு நேரமும் இருந்து எழுதுங்கள். வீட்டிலேயே செய்துகொண்டிருந்தால் எது போதும், எது போதாது என்று தெரியவே தெரியாது.

தையல் பழகியவர் எட்டாம் வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். கழுத்து இறங்கிவிட்டது. "கழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நல்லாத்தான் கிடக்கு" என்று அந்த அக்கா சொல்ல, மிச்ச நாலு வாரமும் கழுத்து மட்டும் வெட்டினார். பழைய சேலைத் துணியில் நாளுக்கு ஒன்று.

பொத்துவில்காரர் எட்டாம் வாரம் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மாட்டிக்கொண்டார். அவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது. இருவரும் கையைக் காட்டி, திக்கி, ஐந்து நிமிடத்தை எப்படியோ ஓட்டிவிட்டார்கள். பஸ் நேரம் கேட்டபோது மட்டும் சொல் வரவில்லை. அந்த இரவு கொப்பியில் பஸ் நேரம் பற்றிய எட்டு வசனம் எழுதியிருந்தார்.

11. பன்னிரண்டாம் வாரம் இரண்டாம் பக்கத்தைத் திறப்பது

கடைசி ஞாயிறு கொப்பியை முதலிலிருந்து புரட்டுங்கள். தவறிய நாட்களை எண்ணி, அவை எந்தக் கிழமையில் விழுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே கிழமையாக இருக்கும். எனக்கு வெள்ளி. அடுத்த 12 வாரத்தில் அந்தக் கிழமையை முதலிலேயே ஐந்து நிமிட நாளாக்கிவிடலாம்.

பிறகு இரண்டாம் பக்கம். ஹாட்வெயார் கடைத் தம்பி அதைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலில் ஒன்று முடிந்திருந்தது. மிச்சம் மூன்றில் இரண்டைத் தானே வெட்டினார். "இது மற்றவங்க செய்யிறாங்க எண்டு எழுதினது அண்ணே" என்றார். மூன்றாவதை ஒரு புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே திகதி போட்டார். அது மார்கழி மாதம், வெளியே மழை. வட்டமிட வேண்டிய வாரங்கள் எவை என்று நான் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே கலண்டரைக் கையில் எடுத்திருந்தார்.